ஒரே புயலுக்கு இரண்டு தட்டு

அந்தக் கப்பல் கம்பெனியின் இரண்டாம் மாடியில் மூன்று பேருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவர்கள் ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன். "டைஃபூன் டீ குடிக்கப் போயிருக்காரு", "சைக்ளோனுக்கு இன்னைக்கு ஜலதோஷம்" என்று பியூன் சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் மிரண்டு போவார்கள். விஷயம் இவ்வளவுதான். கடலில் கிளம்பும் பெரும்புயலுக்கு உலகத்தின் ஒரு பக்கத்தில் ஹரிக்கேன் என்று பெயர், இன்னொரு பக்கத்தில் டைஃபூன், வேறொரு பக்கத்தில் சைக்ளோன். கம்பெனியின் கப்பல்கள் மூன்று பக்கமும் ஓடின. அதனால் மூன்று மேசை, மூன்று ஆள், மூன்று தட்டு. டெலக்ஸில் வரும் வானிலைச் செய்தியின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்தத் தட்டில் அது விழும். அந்த மேசைக்காரர் அதைப் படித்துத் தன் பக்கத்துக் கப்பல்களுக்கு வழி சொல்வார். அடுத்தவர் தட்டில் கைவைப்பது அங்கே அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

மூன்று மேசைகளுக்கும் மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஓர் உலகப் படம். பெருங்கடலின் நடுவே கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் ஒரு கோடு உண்டல்லவா, அந்த இடத்தில் வெட்டி விரித்த படம். ஆகவே அந்தக் கோடு படத்தின் இடது ஓரத்திலும் இருந்தது, வலது ஓரத்திலும் இருந்தது. இடக்கோடியில் ஹரிக்கேனின் மேசை, வலக்கோடியில் டைஃபூனின் மேசை, நடுவில் சைக்ளோன். புயலுக்குச் சிவப்புக் குண்டூசி, கப்பலுக்கு நீலக் குண்டூசி. பதினைந்து வருஷமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. நன்றாக ஓடுகிற ஏற்பாட்டை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

டெலக்ஸ் அறையில் இருந்த பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: காற்புள்ளி. முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த முதல் வாரத்திலேயே மேனேஜர் எழுதிய கடிதத்தில் ஏழு இடத்தில் காற்புள்ளி போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார். போடச் சொன்னது யார் என்று மேனேஜர் கேட்டதற்கு, "யாரும் சொல்லல சார், வாக்கியம்தான் கேட்டுச்சு" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். டெலக்ஸ் தாளைக் கிழித்துத் தட்டில் போடுவது மட்டும்தான் அவர் வேலை. ஆனால் அவர் ஒவ்வொன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசிக் குறிப்பு வரை படித்துவிட்டுத்தான் போடுவார். இதெல்லாம் வீண் வேலை என்று ஹரிக்கேன் நினைத்தார். வாய்விட்டே சொல்லியும் இருக்கிறார்.

இந்தக் கதை ஹரிக்கேனுடைய கதை. மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர், தங்கை என்றால் உயிரை விடுகிறவர். அந்தத் தங்கையின் கணவர், அதாவது அவருடைய மாப்பிள்ளை, இதே கம்பெனியில் கேப்டன். அந்த வாரம் மாப்பிள்ளையின் கப்பல் பெருங்கடலை மேற்கே கடந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு ஹரிக்கேன் குறுக்கிட்டதால் மாப்பிள்ளை தெற்கே இறங்கிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சுற்றினால் வந்து சேரப் பதின்மூன்று நாள். நேர்வழி என்றால் ஒன்பது. தங்கைக்கு இரண்டாவது பிரசவம், டாக்டர் இன்னும் பத்து நாள் என்று சொல்லியிருந்தார். முதல் பிள்ளை பிறந்தபோதும் மாப்பிள்ளை கடலில்தான் இருந்தார். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் அதன் முகத்தைப் பார்த்தார்.

போதாக்குறைக்குக் கப்பலில் வானிலைப் படம் வாங்கும் கருவி இரண்டு நாளாகக் கெட்டுக் கிடந்தது. அலுவலகம் சொல்வதுதான் கேப்டனுக்குக் கண். அதையும் எப்போது வேண்டுமானாலும் சொல்ல முடியாது. கப்பலில் ஒரே ஒரு ரேடியோக்காரர். அலுவலகக் கணக்கில் காலை எட்டு மணி, நண்பகல் பன்னிரண்டு, மாலை நான்கு, இந்த மூன்று வேளையும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவார். நாலு மணியை விட்டால் மறுநாள் காலை எட்டுதான்.

அன்று பதினொன்றே முக்காலுக்குத் தங்கை ஃபோன் செய்தாள்.

"அண்ணா, ஏதாவது சேதி உண்டா? சின்னது உள்ள இருந்து உதைக்குது. அவங்க அப்பா எப்ப வருவாருன்னு அதுக்கும் தெரியணுமாம்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அண்ணனுக்குத் தெரியாதா? "இரு, பாத்துட்டு வரேன்" என்று ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு டெலக்ஸ் அறைக்கு ஓடினார். காற்புள்ளி புதுத் தாள் உருளை வாங்கக் கீழே போயிருந்தார். மெஷின் தானாகத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஹரிக்கேன் தலைப்பு. வரி வரியாக மேலே ஏறி வந்தது. இந்தப் புயலைப் பற்றி இந்த வானிலை அலுவலகம் வெளியிடும் கடைசி அறிவிப்பு இது என்று ஒரு வரி வந்ததுதான் தாமதம், ஹரிக்கேனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெஷின் அடித்து முடிக்கும் வரை நிற்கப் பொறுமை எங்கே? தாளைப் பிடித்து ஒரே இழுப்பு. தீர்ந்துகொண்டிருந்த உருளையின் கடைசித் தாள் கோணலாகக் கிழிந்து கையோடு வந்தது. மீதி வரிகளை மெஷின் தாளில்லாத கறுப்பு உருளைமேல் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. தங்கையிடம் "இதோ, நானே கூப்பிடறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டுக் கப்பலுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கப்பலுக்குச் செய்தி போனது: "புயல் முடிந்தது. பழைய வழிக்குத் திரும்பலாம்." பத்து நிமிஷத்தில் பதில்: "திரும்பினேன். வீட்டில் சொல்லவும்." ஹரிக்கேன் வீட்டில் சொன்னார். தங்கை ஃபோனிலேயே அழுதாள், சந்தோஷத்தில்தான். அவர் படத்தின் இடது ஓரத்தில் குத்தியிருந்த சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டு, அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி அதிகமாகச் சாப்பிட்டார்.

இரண்டரை மணிக்குக் காற்புள்ளி, ஹரிக்கேன் தட்டில் கிடந்த அந்தக் கோணல் தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், இதக் கிழிச்சது நீங்களா?"

"ஆமாம்மா. ஏன், தாளுக்கு வலிச்சிருச்சா?"

"இது முடியல சார்."

"என்ன முடியல? கடைசி அறிவிப்புன்னு கொட்டை எழுத்துல இருக்கு. எனக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்."

"கடைசி அறிவிப்புன்னு இருக்கு, அதுக்குப் பக்கத்துல காற்புள்ளி இருக்கு பாருங்க. முற்றுப்புள்ளி இல்ல. எட்டு மாசமா அந்த ஆபீஸ் செய்தியப் படிக்கிறேன். காற்புள்ளியில ஒண்ணுகூட முடிஞ்சதில்ல. இதுக்கு அப்புறம் ஏதோ சொல்லியிருக்காங்க. நான் வந்து பாக்கறப்ப மெஷின் வெறும் உருளையில அடிச்சிட்டிருந்துச்சு."

நடுமேசையில் இருந்த சைக்ளோன், "ஆரம்பிச்சாச்சுய்யா" என்று முணுமுணுத்துச் சிரித்தார். ஹரிக்கேனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். காற்புள்ளி சிரிக்கவில்லை. காலையில் வந்த தாளையும் அதற்கு முந்தின நாள் தாள்களையும் கோணல் தாளுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினார்.

"காலைல ஆறு மணிக்குக் காத்து வேகம் நூத்தஞ்சு நாட். உங்க தாள்லயும் அதே நூத்தஞ்சு. இதுக்கு முன்னாடி முடிஞ்ச புயல் எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேன். ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு நாள் இழுத்து, எண்பது, அறுபது, நாப்பதுன்னு இறங்கித்தான் அடங்கியிருக்கு. இது குறையவே இல்லியே சார். நல்லா இருக்கற ஆளு எப்படி சார் திடீர்னு கடைசி ஆகும்?"

ஹரிக்கேன் தாள்களைப் பார்த்தார். "திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்க" என்றார் கடைசியில்.

"கேட்டுட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் அனுப்புவாங்களாம்."

ஆறு மணி. கப்பலின் காது நாலு மணி வேளையோடு மூடிவிடும். ஆனாலும் மனிதர் விடவில்லை. தன் தப்பை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு சுற்று மல்லுக்கட்டிப் பார்ப்பது மனுஷ சுபாவம்தானே.

காற்புள்ளி நேராக வலக்கோடிக்குப் போனார். டைஃபூன் அன்றைக்குப் பல் பிடுங்கப் போயிருந்ததால் அவர் தட்டு காலையிலிருந்து தொடாமல் கிடந்தது. அதில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார்.

"அம்மா, அது டைஃபூன் தட்டு!"

"போட்டதே நான்தான் சார். மெஷினுக்குத் தாள் மாட்டினதும் முதல்ல வந்தது இதுதான். தலைப்பு டைஃபூன்னு இருந்துச்சு, டைஃபூன் தட்டுல போட்டேன். படிச்சும் பாத்தேன், எனக்கு உறைக்கல. இதுல என் தப்பும் இருக்கு."

ஹரிக்கேன் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் மூச்சு திரும்ப வந்தது. "இது வேற! நம்மளோடதுக்கு ஒரு பொண்ணு பேரு வெச்சிருந்தாங்க. இதுக்குப் பேரே இல்ல, வெறும் பதினாலுன்னு நம்பர். நம்மளோடது நூத்தஞ்சு, இது தொண்ணூறு. நம்மளோடது இந்தக் கோடி, இது..." என்று கையை நீட்டி, அறையின் அந்தக் கோடியைக் காட்டினார். இடையில் பன்னிரண்டு அடி சுவர், சைக்ளோனின் மேசை, ஒரு குடிதண்ணீர்ப் பானை.

காற்புள்ளி ஒரு கணம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். டைஃபூன் தாளில் இருந்த இடத்தைப் பார்த்துப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தினார். இறங்கி, நாற்காலியை இடக்கோடிக்கு இழுத்துப் போய், ஹரிக்கேன் பிடுங்கிய பழைய ஓட்டையில் இன்னொரு சிவப்பைக் குத்தினார். அப்புறம் அவர் செய்ததைத்தான் அந்த அலுவலகம் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் முனையை விட்டு நெம்பிச் சுவரிலிருந்து ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஐயையோ, மேனேஜர் பாத்தா..." என்று சைக்ளோன் எழுந்தார்.

"சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. கீழ விழுந்துரும்."

சைக்ளோன் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. படம் முழுசாகக் கழன்று வந்தது. காற்புள்ளி அதைத் தரையில் நிறுத்திக் குண்டூசிகள் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி வளைத்து, வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தார். பாய் சுருட்டி நிறுத்தினது போல உலகம் நின்றது. சேர்ந்த இடத்தில் ஒரே கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்பு, அந்தப் பக்கம் ஒரு சிவப்பு. நடுவே ஒரு சுண்டு விரல்கூட நுழையாது.

ஹரிக்கேன் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். பதினைந்து வருஷமாக அந்தப் படத்துக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். கடல் அங்கே முடிவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், யார் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் ஒருநாளும் பார்த்ததில்லை.

"காலைல பத்து மணிக்குக் கோட்டத் தாண்டியிருக்கு சார்" என்றார் காற்புள்ளி. "தாண்டினதும் இந்தப் பக்கத்து வானிலை ஆபீஸ் கைய விட்டுட்டாங்க, அந்தப் பக்கத்து ஆபீஸ் எடுத்துக்கிட்டாங்க. அந்தக் காற்புள்ளிக்கு அப்புறம் அதைத்தான் எழுதியிருப்பாங்க. இனிமே அவங்க சொல்வாங்கன்னு."

மாப்பிள்ளை கப்பலின் நீலக் குண்டூசி சிவப்புக்குக் கொஞ்சம் கிழக்கே இருந்தது. ஹரிக்கேன் விரலால் அளந்தார். பன்னிரண்டு மணிக்குக் கப்பலிலிருந்து புயலின் மையத்துக்கு இருநூற்று எண்பது மைல். டைஃபூன் தாளில் புயல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல்கிறது என்று இருந்தது. கப்பல் மணிக்குப் பதினாலு மைல் ஓடும். இருபது மணி நேரம். அதாவது மறுநாள் காலை எட்டு மணி. ரேடியோக்காரர் காதில் கருவியை மாட்டும் அதே நேரத்துக்குக் கப்பல் புயலின் நடுவயிற்றில் இருக்கும். "திரும்பினேன். வீட்டில் சொல்லவும்" என்ற வரி அவர் கண்முன் வந்தது. மாப்பிள்ளை ஏன் எதற்கு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பித் திருப்பியிருக்கிறார்.

"ஆனா வேகம் குறைஞ்சிருக்கே" என்றார், தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி. "நூத்தஞ்சு தொண்ணூறாயிருக்கே. அடங்கிட்டு வருதோ என்னவோ..."

"இல்ல சார்." காற்புள்ளி இரண்டு தாளின் அடியிலும் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். மூன்று மேசைக்காரர்களும் பதினைந்து வருஷமாகக் கிழித்துப் போட்ட பொடி எழுத்து. "இவங்க ஒரு நிமிஷக் காத்துக்குச் சராசரி பாக்கறாங்க. அவங்க பத்து நிமிஷக் காத்துக்குச் சராசரி பாக்கறாங்க. பத்து நிமிஷம் பாத்தா நடுவுல கொஞ்சம் ஓய்ஞ்ச காத்தும் கணக்குல வந்துரும், நம்பர் குறைச்சலாத்தான் தெரியும். காத்து குறையல சார், அளக்கற கோல்தான் மாறியிருக்கு. நடுவுல இருக்கற அழுத்தத்தப் பாருங்க. அங்கயும் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு, இங்கயும் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு. அதே புயல்."

மேனேஜர் அப்போதுதான் உள்ளே வந்தார். சுவரில் படம் இல்லை. படம் தரையில் உருளையாக நிற்கிறது, அதை ஒரு பக்கம் சைக்ளோன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார், ஹரிக்கேன் மண்டியிட்டிருக்கிறார். மேனேஜர் இரண்டு நிமிஷம் கத்தினார், மூன்றாவது நிமிஷம் கேட்டார், நாலாவது நிமிஷம் அவருக்கும் முகம் வெளுத்தது.

"அதே புயல்னா எதுக்குய்யா ரெண்டு பேரு?" என்றார், யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் என்ற வேகத்தில்.

"கேப்டன நாம கேப்டன்ங்கறோம் சார்" என்றார் காற்புள்ளி. "இவரு மாப்பிள்ளைங்கறாரு. இவரு தங்கச்சி பொண்ணு அப்பாங்கறா. கப்பல்ல போறது மூணு ஆளா? இருக்கற இடத்துக்கு ஒரு பேரு சார். தமிழ்லயே புயல்ம்பாரு ஒருத்தர், சூறாவளின்னு எழுதும் ஒரு பேப்பரு. காத்துக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

மணி மூன்றரை. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். பொல்லாதவர் இல்லை அவர், கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றுவது அவர் தொழில். "சரி, திருப்பச் சொல்லி எழுதுங்க. ஆனா தப்பு நடந்துச்சுன்னு ரேடியோவுல ஊரறிய எதுக்கு? அடுத்த கம்பெனி கப்பல்லாம் கேட்டுட்டிருக்கும். புதுசா ஒரு டைஃபூன் கிளம்பியிருக்கு, தெற்கே போங்கன்னு எழுதுங்க. பொய்யும் இல்ல. தாள்ல டைஃபூன்னுதானே இருக்கு?"

ஹரிக்கேனுக்கு அது இனித்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம், ஒரு கணம் ரொம்பவே இனித்தது. கப்பலும் தப்பும், மாப்பிள்ளைக்குத் தெரியாது, தங்கைக்குத் தெரியாது, தானும் தலைநிமிர்ந்து நடக்கலாம். பேனாவை எடுத்து 'புதிய' என்று எழுதியும் விட்டார்.

"புதுசுன்னு எழுதாதீங்க சார்."

காற்புள்ளி சத்தமாகப் பேசவில்லை.

"புதுசுன்னா அவரு சின்னதுன்னு நினைச்சுக்குவாரு. பொறந்து ஒரு நாளான புயலுக்கு எவ்வளவு தள்ளிப் போகணுமோ அவ்வளவுதான் தள்ளிப் போவாரு. அவரு ஏற்கெனவே பாத்து பயந்து ஒதுங்கின புயல் இது. அதோட பலம் அவருக்குத் தெரியும். அதே புயல்னு ஒரே ஒரு சொல் சொன்னாப் போதும், என்ன செய்யணும்னு அவருக்கே தெரிஞ்சிரும். மத்தது எப்படி வேணா எழுதிக்கங்க. அந்தச் சொல்ல மட்டும் மாத்தாதீங்க."

எட்டு மாதமாகத் தாள் கிழித்துத் தட்டில் போடுகிற பெண், மேனேஜரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். அந்த நிமிஷத்தில் ஹரிக்கேனுக்கு அவர்மேல் வந்த மரியாதை சாமானியமானது இல்லை. தன் மாப்பிள்ளைக்காகத் தான் பேசியிருக்க வேண்டியதை, கப்பலில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தருக்காக இந்தப் பெண் பேசுகிறார். ஹரிக்கேன் 'புதிய' என்பதை அடித்தார். எழுதினார்:

"பகல் செய்தி தவறு. தவறு என்னுடையது. அதே புயல், முடியவில்லை, பலம் குறையவில்லை. கோட்டைத் தாண்டியதால் பெயர் மட்டும் டைஃபூன் ஆனது. உடனே தெற்கே திரும்பவும்."

மேனேஜர் படித்தார். ஏதோ சொல்ல வந்து, தரையில் நின்ற உலகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காற்புள்ளி வாங்கி ஒரு தடவை படித்தார். பழக்கதோஷத்தில் பேனா ஒரு இடத்துக்குப் போனது. அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கரையிலிருந்த ரேடியோ நிலையம் வாங்கிக்கொண்டது. நாலு ஏழுக்குப் பதில் வந்தது: "தெற்கே திரும்பினேன். வடமேற்கிலிருந்து அலை பெரிதாக வருகிறது. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது."

அன்று சாயங்காலம் ஹரிக்கேன் தங்கையிடம், பதின்மூன்று நாள் ஆகும் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. பகலில் ஒன்பது, மாலையில் பதின்மூன்றா, நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று தங்கை பொரிந்து தள்ளிவிட்டு ஃபோனை வைத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். வாங்கவேண்டியதுதானே.

மறுநாள் காலை எட்டே காலுக்குக் கப்பலின் இடம் வந்தது. தெற்கே, பத்திரமாக, வழக்கமான காற்றில். படம் சுவருக்குத் திரும்பியிருந்தது. ஆணி பெயர்ந்த காரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காற்புள்ளி டைஃபூன் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார், இந்த முறை ஹரிக்கேன் கையில். ஹரிக்கேன் புயலின் இடத்தைக் குறித்தார். பிறகு, பகல் செய்தியைத் திருத்தாமல் விட்டிருந்தால் கப்பல் இந்நேரம் எங்கே இருந்திருக்கும் என்று அளந்து பார்த்தார். இரண்டு குண்டூசிகளுக்கும் ஒரே ஓட்டைதான் தேவைப்பட்டது. அவர் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

வந்ததும் ஃபோனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: தாளைக் கிழித்தது, அவசரப்பட்டது, பகல் செய்தி, புதுப் புயல் என்று எழுதப் பார்த்தது, எல்லாம்.

தங்கை முழுசும் கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"நான் நச்சரிச்சதாலதானே அண்ணா இப்படிப் பண்ணே?"

"நீ சேதிதான் கேட்டே. கிழிச்சது நான்."

"அந்த அக்கா அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்ககிட்டக் குடு."

ஹரிக்கேன் ஃபோனை நீட்டினார். காற்புள்ளி தயங்கினார், பிறகு வாங்கிக் காதில் வைத்தார். "ம்" என்றார். இன்னொரு "ம்". அதற்கப்புறம் வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார். சைக்ளோன் எழுதுவதை நிறுத்திவிட்டார். பல் பிடுங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டைஃபூனும் திரும்பிப் பார்த்தார். கடைசியில் காற்புள்ளி இரண்டு வரி தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

"என்ன சொன்னா?" என்றார் ஹரிக்கேன்.

"பெரிசா ஒண்ணும் பேசல சார். அழுதாங்க, கேட்டுட்டு நின்னேன். அப்புறம், அப்பா வர்ற வரைக்கும் வயித்துல இருக்கற குழந்தை காத்திருக்குமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காத்திருக்காதுன்னு சொன்னேன். ஆனா அப்பா வந்துருவாருன்னு சொன்னேன்."